கையெழுத்து வாங்குவது சிஸ்டர் வேலையா?

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் 60 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மறுநாள் ஆபரேஷன் உள்ளவர்களிடம் கன்சென்ட் ஃபார்மில் (சம்மதப் படிவத்தில்) கையெழுத்து வாங்குவது இங்கே இரவு டூட்டி சிஸ்டரின் வேலை. போன மாதம் 46 வயது அம்மா ஒருவர் பித்தப்பைக் கல்லுக்காக அட்மிட் ஆனார். ஃபார்மில் ‘லேப் கோலி’ (லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு ஓட்டை வழியே கேமரா வைத்துப் பித்தப்பையை எடுப்பது) என்று மட்டும் எழுதியிருந்தது. இரவு 10 மணிக்கு நான் போனபோது மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, சாட்சியாக நானும் போட்டேன். மறுநாள் உள்ளே ஒட்டியிருந்ததால் வயிற்றைத் திறந்து செய்யவேண்டியதாகிவிட்டது. கண் விழித்த அந்த அம்மா, “சின்னச் சின்ன ஓட்டைன்னுதானே சொன்னாங்க, இவ்வளவு பெரிய தையல் எதுக்கு? என்னை யாரு கேட்டா?” என்று அழுதார். சர்ஜனோ, “கன்சென்ட் வாங்குனது சிஸ்டர்தானே” என்கிறார். என்மீது வழக்கு வருமா? கணவர் கையெழுத்து செல்லாதா? இனி நான் எப்படிச் செய்ய வேண்டும்? பேஷண்டே “எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, அவர்கிட்ட பேசிக்கோங்க” என்றால் என்ன செய்வது?

பதில்:

சிஸ்டர், சர்ஜன் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்கலாம். நீங்கள் வாங்கியது கையெழுத்து. கன்சென்ட் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய பேச்சு. அந்தப் பேச்சை நடத்த வேண்டியவர் கத்தி பிடிக்கிறவர், அல்லது அந்த ஆபரேஷனைத் தெரிந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய அவருடைய குழுவின் டாக்டர். பேச்சே நடக்காதபோது, ஃபார்மில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது மை மட்டும்தான்.

உங்கள் பொறுப்பு எவ்வளவு என்பது நீங்கள் எந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஃபார்மை எடுத்துப் பாருங்கள். வெறும் ‘சாட்சி’ என்று இருந்தால், இன்னார் என் கண்முன் கையெழுத்திட்டார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சில ஃபார்ம்களில் ‘மேற்கண்ட விவரங்களை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்’ என்ற வரி இருக்கும். அதன்கீழ் டாக்டருக்கான இடம் காலியாக, பக்கத்தில் சிஸ்டர் கையெழுத்து. அப்படி இருந்தால் நடக்காத ஒன்றுக்கு நீங்கள் சான்று கொடுத்ததாக ஆகிவிடும். பொதுவாக இத்தகைய புகார்களில் பதில் சொல்ல வேண்டியவர்கள் சர்ஜனும் மருத்துவமனை நிர்வாகமும்தான். ஆனால் பொய்யான ‘விளக்கினேன்’ உங்களையும் உள்ளே இழுக்கும். இனிமேல் சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘கையொப்பத்துக்கு மட்டும் சாட்சி’ என்று எழுதி, நேரத்தையும் போடுங்கள். மூன்று சொல்தான், எழுத அரை நிமிடம் ஆகாது.

கணவர் கையெழுத்து செல்லாது. 18 வயது நிரம்பி, சுயநினைவோடு, சொல்வதைப் புரிந்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் உள்ள ஒருவருக்காகக் கணவரோ மகனோ அண்ணனோ சம்மதம் தர முடியாது. தூங்குகிறவர் முடிவெடுக்க முடியாதவர் அல்ல. தூக்க மாத்திரை போடாதவர் என்றால் எழுப்பிக் கேட்கலாம், இல்லையென்றால் காலையில் கேட்கலாம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கு இதற்கு நேர் உதாரணம். மாதவிடாய்க் கோளாறுக்காக 1995-இல் போன 44 வயதுப் பெண், லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, உதவி டாக்டர் வெளியே வந்து தாயாரிடம் கையெழுத்து வாங்கிப் போக, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அகற்றியதில் கெட்ட நோக்கம் இல்லை என்று நீதிமன்றமே ஏற்றது. ஆனாலும் உயிர் போகும் அவசரம் இல்லை, நோயாளி விழிக்கும்வரை காத்திருந்திருக்கலாம், தாயார் தந்த சம்மதம் சம்மதமே அல்ல என்று சொல்லி, ஆபரேஷன் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்றதோடு 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. தொகை சிறியது. ஆனால் இந்தியாவில் கன்சென்ட் பற்றி இன்று யார் வாதாடினாலும் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

பிறகு ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் “கூட வந்தவங்க யாரு, இங்க கையெழுத்துப் போடுங்க” என்ற குரல் கேட்கிறது? கொஞ்சம் பழக்கம், கொஞ்சம் பில். மீதிக்கு இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளும் காரணம். அதில் 7.16-ஆவது விதி, அறுவை சிகிச்சைக்கு யாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது என்று சொல்லும்போது கணவன் அல்லது மனைவி, சிறாருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர், பிறகுதான் நோயாளி என்று வரிசை வைக்கிறது. ‘பொருந்துகிறபடி’ என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. மலட்டுத்தன்மை உண்டாக்கக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று அதே விதி சொல்வதால், கருப்பை அகற்றும்போது இருவரிடமும் வாங்குகிறார்கள். ஆனால் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். அங்கே கணவர் கையெழுத்தைக் கட்டாயம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் தவறு. பித்தப்பைக்கும் கணவருக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. வீட்டாருக்கும் தெரியட்டும் என்று கணவரிடம் கூடுதலாக ஒரு கையெழுத்து வாங்கலாம், தடையில்லை. அந்த அம்மாவின் கையெழுத்துக்குப் பிறகு, அதற்குப் பதிலாக அல்ல.

விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர். விபத்தில் நினைவிழந்து வருகிறவருக்கு உயிர் காக்கும் சிகிச்சை என்றால் யார் கையெழுத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு அந்தச் சூழ்நிலைக்கானது. அப்போது ஏன் காத்திருக்க முடியவில்லை என்பதை இரண்டு டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி வைப்பது நல்ல வழக்கம். கருக்குழாய் வெடித்த பெண்ணை டேபிளில் போட்டுவிட்டு மாமனார் வரட்டும் என்று நிற்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி உங்கள் நோயாளிக்கு வருவோம். வயிற்றைத் திறந்தது தவறு என்று சொல்வது கடினம். பித்தப்பை பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக் கிடந்து, எது பித்தநாளம் எது ரத்தக்குழாய் என்று கேமராவில் பிரித்தறிய முடியாதபோது திறப்பதுதான் பாதுகாப்பு. பிடிவாதமாக உள்ளேயே தொடர்ந்தால் பொது பித்தநாளம் வெட்டுப்படலாம். அப்படி ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். ஆக, சர்ஜன் செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பு முன்கூட்டியே சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் ‘சொன்ன மாதிரியே ஆயிடுச்சு’ என்று எடுத்துக்கொண்டிருப்பார். சொல்லாததால் ‘ஏதோ தப்புப் பண்ணிட்டு மறைக்கிறாங்க’ ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது முதல் நாள் பேசியிருக்க வேண்டிய ஐந்து நிமிடம்.

அதே 2008 தீர்ப்பு, என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் வகுத்திருக்கிறது: என்ன செய்யப்போகிறோம், எதற்காக, என்ன பலன்; வேறு வழி உண்டா; முக்கியமான ஆபத்துகள் என்னென்ன; செய்யாமல் விட்டால் என்ன ஆகும். லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடியதையெல்லாம் ஒப்பிக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. ஆபரேஷன் நடுவே தேவைப்படக்கூடிய கூடுதல் சிகிச்சைக்கும் சேர்த்து முன்பே ஒரே சம்மதமாக வாங்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் ஃபார்மில் இல்லாமல் போனது அதுதான்.

பித்தப்பை ஆபரேஷனுக்கு இதைப் பேச்சுத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: “அம்மா, தொப்புள்கிட்டயும் விலாவுக்குக் கீழயும் மூணு நாலு சின்ன ஓட்டை போட்டு, வயித்துக்குள்ள கேஸ் நிரப்பி, கேமரா வெச்சுப் பார்த்துப் பித்தப்பையையே எடுத்துடுவோம். கல்லை மட்டும் எடுக்கிறதில்லை. பை இருந்தா கல்லு திரும்ப வரும். பை இல்லாமலும் சாப்பாடு செரிக்கும். நூறு பேருக்குப் பண்ணினா சுமார் அஞ்சு பேருக்கு உள்ள ஒட்டிப்போயிருக்கும், இல்லன்னா ரத்தம் கசியும். அப்ப வயித்தைத் திறந்துதான் முடிக்கணும். வீக்கம் அதிகமா இருந்தா அந்த வாய்ப்பும் அதிகம். ஆயிரத்துல மூணுலேருந்து அஞ்சு பேருக்குப் பித்தம் போற குழாய்ல அடிபடலாம்; அப்படி ஆனா இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். ரெண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், அது கேஸால. பண்ணாம விட்டா வலி திரும்பத் திரும்ப வரும், மஞ்சக்காமாலை வரலாம், கணையம் வீங்கலாம்.” நிதானமாகச் சொன்னாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. விகிதத்தை ‘0.4 சதவீதம்’ என்று சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. ‘ஆயிரம் பேரில் நாலு பேர்’ நிற்கும்.

சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்பதில் பயனில்லை. நம் ஊரில் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் யாரும் “புரியலை” என்று சொல்ல மாட்டார்கள். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்.

“அக்கா, நாளைக்கு உங்க தங்கச்சி போன் பண்ணி என்ன ஆபரேஷன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“கல்லை எடுத்துடுவாங்க, மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லுவேன்.”

“பை?”

“பையா? பையை ஏன் எடுக்கணும், கல்லு மட்டுந்தானே? எங்க மச்சானுக்கு வாழைத்தண்டுச் சாறுலயே வெளிய வந்துடுச்சே!”

மச்சானுக்கு வந்தது சிறுநீரகக் கல். இந்தக் குழப்பம் ஏறக்குறைய ஒவ்வொரு வார்டிலும் உண்டு. ‘கல்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாகிப்போனதால் வருகிற வினை. அவர் வாயால் சொல்ல வைக்காமல் இது வெளியே வந்தே இருக்காது. இந்த இடத்தில் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். தெரிந்திருந்தாலும் வேண்டாம். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆபத்துப் பட்டியலைவிட நோயாளிக்கு முக்கியமாக இருப்பது பெரும்பாலும் வேறொன்று. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, வயிற்றைத் திறந்தால் நாலு முதல் ஆறு வாரம் பளு தூக்க முடியாது என்பது பித்தநாளத்தைவிடப் பெரிய செய்தி. லேப்ராஸ்கோப்பி என்றால் ஒரு வாரத்தில் இலகுவான வேலைக்குத் திரும்பலாம். மகள் கல்யாணம் அடுத்த மாதம் இருந்தால் தேதியையே மாற்றச் சொல்லலாம். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது: டாக்டர்கள் வழக்கமாக என்ன சொல்கிறார்கள் என்பதல்ல, இந்த நோயாளிக்கு எது முக்கியம் என்பதே அளவுகோல் என்றது. நம் சட்டம் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்காக நாம் கேட்காமல் இருக்க வேண்டும் என்றில்லை.

நேரம் என்ற ஒன்று இருக்கிறது. உங்கள் வார்டில் எல்லாம் பிசகுவது அங்கேதான். ஆபரேஷன் தேதி குறிக்கிற அன்றே, ஓ.பி. அறையில், உட்கார்ந்து பேச வேண்டியதை அட்மிஷன் ராத்திரி 10 மணிக்குத் தள்ளினால் யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். பணம் கட்டியாகிவிட்டது, வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியாகிவிட்டது, ஊரிலிருந்து ஆட்கள் வந்தாகிவிட்டது. அதோடு உங்கள் கடிதத்தில் ‘மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார்’ என்கிறீர்கள். அது முதல் நாள் இரவு கொடுக்கும் அல்ப்ராசோலம் போன்ற தூக்க மாத்திரை என்றால், அதற்குப் பிறகு அவரையே எழுப்பிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சந்தேகத்துக்கு இடமாகியிருக்கும். வக்கீல்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது ஃபார்மில் உள்ள நேரத்தையும் மருந்துச் சார்ட்டில் உள்ள நேரத்தையும்தான். கையெழுத்து மாத்திரைக்கு முன்பு இருக்க வேண்டும். தப்பிவிட்டால் காலையில், தெளிந்தபின், ஓ.டி.க்கு (ஆபரேஷன் தியேட்டருக்கு) தள்ளிக்கொண்டு போகும் முன், சர்ஜன் நேரில் பேசி வாங்கட்டும். ஸ்ட்ரெச்சரில் வைத்து வாங்காதீர்கள்.

ஃபார்மைப் பற்றிச் சில. காலி இடங்களோடு உள்ள ஃபார்மில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பின்னால் நிரப்பக் கூடாது. ‘லேப் கோலி’ என்ற சுருக்கம் வேண்டாம், ‘லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றுதல், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து அகற்றுதல்’ என்று முழுதாகத் தமிழில் எழுத வேண்டும். கை, கால், கண் என்றால் வலதா இடதா என்பது எழுத்தில். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை பூசிய ஃபார்ம் எந்த விசாரணையிலும் நிற்காது. கைநாட்டு வைக்கிறவரிடம் ‘இன்னாருடைய இடது பெருவிரல் ரேகை’ என்று பக்கத்திலேயே எழுதி, படிக்கத் தெரிந்த உறவினரோ பக்கத்துப் படுக்கை அட்டெண்டரோ சாட்சி போடட்டும். ஆஸ்பத்திரி ஆளே சாட்சி என்றால் அதன் எடை குறைவு. ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்த தொழிலாளி வந்தால் மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் தேவை. மயக்க மருந்துக்கான சம்மதத்தை மயக்க மருந்து டாக்டர் தனியாக வாங்க வேண்டும். ரத்தம் ஏற்றுவதற்கும் தனி. எச்.ஐ.வி. பரிசோதனையை ‘ரொட்டீன் பிளட் டெஸ்ட்’ கணக்கில் சேர்த்துச் சொல்லாமல் எடுப்பது வெகு சாதாரணமாக நடக்கிறது. 2017 சட்டப்படி அதற்கும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

பல ஃபார்ம்களின் அடியில் ‘இதனால் ஏற்படும் எந்த விளைவுக்கும் மருத்துவமனை நிர்வாகமோ மருத்துவர்களோ பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கும். அலட்சியத்துக்கான பொறுப்பை அந்த வரி துடைத்துவிடாது. நோயாளியைப் பயமுறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. நிர்வாகத்திடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘எனக்கு எழுந்த சந்தேகங்கள்’ என்று நாலு கோடு விடச் சொல்லுங்கள்.

இன்றிரவு டூட்டியில் மறுபடி இதேபோல ஒரு ஃபார்ம் உங்கள் கையில் வந்தால்? நோயாளியிடம் என்ன ஆபரேஷன் என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை, அல்லது தப்பாகச் சொல்கிறார் என்றால் கையெழுத்து வாங்காதீர்கள். டூட்டி டாக்டருக்கு போன்: “டாக்டர், 12-ஆம் பெட் அம்மாவுக்குப் பையை எடுக்கப்போறாங்கன்னே தெரியலை. சர்ஜன் பேசணும். ஃபார்ம் கையெழுத்தாகலை.” பிறகு நர்ஸ் நோட்ஸில் ‘இரவு 8.40: நோயாளிக்கு ஆபரேஷன் பற்றிச் சந்தேகம், டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, சம்மதப் படிவம் நிலுவை’ என்று ஒரு வரி. கோபம், குற்றச்சாட்டு எதுவும் எழுத வேண்டாம். “நீங்களே வாங்கிடுங்க சிஸ்டர், பார்மாலிட்டிதானே” என்று பதில் வந்தால், “ஓ.டி. செக்லிஸ்ட்ல நிக்கும் டாக்டர்” என்று சொல்லுங்கள். அது மிரட்டல் அல்ல. உலக சுகாதார அமைப்பு 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டிய முதல் கட்டமே நோயாளி தன் பெயர், ஆபரேஷன் செய்யும் இடம், என்ன ஆபரேஷன், சம்மதம் இவற்றை உறுதிசெய்தாரா என்பதுதான். தர அங்கீகாரம் வாங்கிய அல்லது வாங்க விண்ணப்பித்திருக்கும் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் இதை உங்கள் பக்கம் நின்று பேசுவார். வேறு யாருக்காக இல்லாவிட்டாலும் ஆடிட்டுக்காக.

நடந்துபோன கேஸில் செய்யக்கூடாத ஒன்று உண்டு. யார் சொன்னாலும் அந்த ஃபார்மில் இப்போது ஒரு எழுத்தும் சேர்க்காதீர்கள். அந்த அம்மாவிடம் பின்தேதியிட்டுக் கையெழுத்தும் வாங்காதீர்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களின் நகலைத் தர வேண்டும் என்பது விதி. அவர் ஏற்கெனவே போனில் படம் எடுத்து வைத்திருக்கவும் கூடும். செய்ய வேண்டியது, சர்ஜன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் திறந்தோம், உள்ளே என்ன இருந்தது என்று சொல்வதும், ‘முன்னாடியே சொல்லியிருக்கணும்மா’ என்று ஒப்புக்கொள்வதும். சர்ஜன் மறுத்தால் நீங்கள் போய் அவர் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்களிடம் விளக்கம் எழுதிக் கேட்டால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் கையெழுத்திட்டார், அப்போது ஃபார்மில் என்ன எழுதியிருந்தது. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

“எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க” என்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆபத்துகளைக் காதில் வலிந்து திணிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவரே, கணவர் அல்ல. கணவரை வெளியே அனுப்பிவிட்டு ஒருமுறை தனியாகக் கேளுங்கள். அப்போதும் அதையே சொன்னால், எந்த உறுப்பு எடுக்கப்படுகிறது, எத்தனை நாள் படுக்கை என்ற இரண்டையும் மட்டும் டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டு, மீதியை அவர் கைகாட்டுகிற ஆளிடம் விளக்கலாம். கேஸ் ஷீட்டில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதட்டும்: ‘விவரமெல்லாம் என் பெரிய பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, நான் ஆபரேஷனுக்குச் சம்மதம்’. அதன் கீழும் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.